‘மூணு கமால்’ அல்ல, எஸ். கமாலுதீன்

ஷாகுல் ஹமீது காலமானார் என்று எங்கள் பழைய அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் திருப்பூணித்துறையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. எல்லோரும் போட்டார்களே என்று நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு போனைப் பைக்குள் வைத்தேன். மறுநாள் காலையில், அங்கே என்னோடு வேலை பார்த்த கமாலிக்காவின் மனைவி ஜுலைகா கூப்பிட்டார். “செல்வி மோளே, அவரு போயாச்சு. நேத்து அஸர் தொழுகை கழிஞ்சு அடக்கம். நீ வரல்லியே?”

ஷாகுல் ஹமீது என்பது கமாலிக்காவின் அப்பா. அவர் இறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. எஸ். கமாலுதீனின் ‘எஸ்’ அவர்தான். அலுவலகப் பதிவில் முதல் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு வைத்திருந்தார்கள். செய்தி எழுதிய புண்ணியவான் முதல் கட்டத்தை மட்டும் பார்த்துப் பெயரெடுத்துவிட்டான். அப்பாவை இரண்டாம் தடவை சாகடித்தார்கள். மகனை, எங்களில் ஒருவர்கூடப் போகாமல், மண்ணுக்குள் அனுப்பினார்கள். பழைய அலுவலக நண்பர்களே, பதினோரு வருஷம் உங்களோடு உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர் அவர்.

விஷயம் புரிந்ததும் நான் குழுவில் பெயரைத் திருத்திப் போட்டேன். முதலில் வந்த பதில் இது: “யாரு, நம்ம மூணு கமாலா?” கூடவே சிரிக்கும் முகம். அதன் கீழே இன்னும் நாலு சிரிப்பு. நண்பர்களே, அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களை எக்ஸ்எம்எல் கோப்பாக்கித் தருவது வேலை. கோப்பில் ஒவ்வொரு விவரமும் தனித்தனி உறுப்பாக நிற்கும். குடும்பப் பெயர், பெயர், ஊர், மறுபடி குடும்பப் பெயர், பெயர், ஊர் என்று நூற்றுக்கணக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். எது யாருடையது என்று பிரித்து ஆளுக்கொரு கூட்டுக்குள் போட வேண்டும். அதைச் செய்யும் கட்டளைக் கோப்புக்குத்தான் எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட் என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் அதை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் கமாலிக்கா ஒருவர்தான். மற்றவர்கள் அவர் எழுதியதை நகலெடுத்தோம். நானும்தான்.

எல்லோரும் செய்வது, உறுப்புகளை இடம் பார்த்து எண்ணுவது. வரிசை எண்ணை மூன்றால் வகுத்து மீதி ஒன்று வந்தால் புது ஆள். கமாலிக்காவுக்கு இந்த வழி ஆகவே ஆகாது. ஒருநாள் கீழே சாயாக்கடையில் நாங்கள் ஆறேழு பேர். கடைக்காரர் ஆளுக்கொரு சாயா, ‘கடி’ என்று ஒரு பலகாரம், ஒரு கிளாஸ் வெள்ளம் என்று மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டே போனார். நடுவில் ஒருவர் கடி வேண்டாம் என்றதும் வரிசை ஓரிடம் நழுவி, அடுத்தவருக்கு வைத்த பழம்பொரியைப் பக்கத்திலிருந்தவர் தன்னுடையது என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கமாலிக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “கண்டியா மோளே? எண்ணிப் பிரிச்சா இதுதான் கதி. வெள்ளம் வந்தா ஒரு ஆளு முடிஞ்சுன்னு வச்சுக்கோ. கடி இல்லாத ஆளுண்டு, வெள்ளம் இல்லாத ஆளில்ல.”

பிறகு டாக்டர்கள் மாநாட்டு மலர் வந்தது. அதற்கு அவர் எழுதிய ஸ்டைல்ஷீட்டும் அப்படித்தான்: ஊர் என்ற உறுப்பு வந்தால் ஓர் ஆள் முடிந்தார். ஏன் என்று கேட்டேன். “நம்ம ஆளுகளுக்கு ஏது குடும்பப் பேரு? ஊரு எல்லாருக்கும் உண்டு” என்றார். எழுதி முடித்துவிட்டு மைத்துனன் கல்யாணத்துக்குப் பாலக்காடு போனார். அவர் போன பிறகுதான், அது வாடிக்கையாளரின் பழைய மென்பொருளில் ஓடவில்லை என்று தெரிந்தது. மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “மூணு மூணா எண்ணினாப் போதும், செல்வி. எதுக்கு இத்தற சுத்து? இன்னைக்கு வைகுந்நேரம் அனுப்பணும்.” நான் பாலக்காட்டுக்குப் போன் போட்டேன். பின்னால் கல்யாண மேளம். “திங்கக்கிழம வந்து வேற வழி வச்சுத் தாரேன். எண்ணி மட்டும் பிரிச்சுராதே, கேட்டியா?” என்றார். கேட்டேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. கரூரிலிருந்து ஒரு டாக்டர், தமிழரசி என்று ஒற்றைப் பெயர். கோப்பில் அவருக்குக் குடும்பப் பெயர் என்ற உறுப்பே இல்லை. அதனால் தமிழரசி குடும்பப் பெயரானது, கரூர் பெயரானது, அடுத்த டாக்டரின் ‘நாயர்’ இவருடைய ஊரானது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் ஊரே பெயர். அடுத்த ஒற்றைப் பெயர்க்காரர் வந்ததும் அது இன்னும் ஒரு படி நழுவியது. மலர் முழுவதும் குப்பைக்குப் போனது.

எல்லோரையும் கூட்டி, ஸ்டைல்ஷீட்டைச் சுவரில் போட்டுக் காட்டினார் மேலாளர். மூணு மூணா எண்ணச் சொன்ன வாய் அன்று திறக்கவில்லை. கோப்பின் தலையில் ‘எழுதியவர்: கமாலுதீன்’ என்று இருந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் மாறியிருந்தது. கமாலிக்கா அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வைப்பின் தீவில் மீன் கம்பெனி வேலை போய் அப்பா வீட்டோடு உட்கார்ந்திருந்த நேரம். அது அவருக்குத் தெரியும். “மேல எம் பேருதானே இருக்கு” என்றார். அவ்வளவுதான். நீங்கள் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. அன்று சாயங்காலமே ‘மூணு கமால்’ பிறந்தாயிற்று. அவருக்குக் கீழே வேலை கற்றவர்கள்கூட எந்தக் கோப்பையும் அவரைத் தொட விடவில்லை. ஆறு மாதத்தில் அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. என்னைத் திட்டியிருக்கலாம். கிளம்பின அன்றாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெருநாளுக்குப் பெருநாள் பிரியாணி கொடுத்தனுப்பினார். அதைத் தின்றேன். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று வருஷங்களைத் தின்றேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். ஜுலைகா சாயா தந்தார். “ஆபீஸ்ல அவரு கையால ஏதோ தப்பு வந்துபோச்சுன்னு ஆளுக சொல்லும். உள்ளதா மோளே?” என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்த வரியை எழுதியது கமாலிக்கா இல்லை. எழுதாதே என்று அவர் சொன்ன பிறகு, அவர் பெயருக்குக் கீழே, நான் எழுதினேன். ஜுலைகா சாயா கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

கமாலிக்காவின் அறிவில் எனக்குப் பங்கு கேட்க முகமில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பட்டப்பெயரைத்தான். அது முதலிலிருந்தே என்னுடையது. இனிச் சிரிப்பதானால் ‘மூணு செல்வி’ என்று சொல்லிச் சிரியுங்கள்.