எட்டு மணி நேரம் மணக்கும் சட்டி

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை மாட்டுக்கறி வெந்தது.

எழுதிவிட்டேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அங்கே ராசிபலன் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர் என்பது இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பதினோரு மாதம் கடல், சில வாரம் வீடு. இந்த முறை லிவர்பூலிலிருந்து ஒரு எலக்ட்ரிக் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்லோ குக்கர் என்று பெயர். உள்ளே கனத்த பீங்கான் பாத்திரம், வெளியே சூடாகும் கூடு, மேலே கண்ணாடி மூடி. நம் பிரஷர் குக்கர் இருபது நிமிஷத்தில் முடிக்கிற வேலையை இது எட்டு மணி நேரம் செய்யும்.

"இதையா அவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்திய?" என்று கேட்டேன்.

"பொறுளா மேரி. ஞாயித்துக்கிழம குலாஷ் வைக்குதேன். தின்னுட்டு அப்புறம் பேசு."

குலாஷ் ஹங்கேரிக்காரர்களின் மாட்டுக்கறிக் குழம்பு. இவர் கப்பலில் தலைமைச் சமையல்காரர் ஒரு ஹங்கேரிக் கிழவர். அவர் சொல்லிக்கொடுத்தது. கறி எவ்வளவோ அவ்வளவு வெங்காயம். வதக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பாப்ரிகா என்கிற சிவப்புப் பொடி. பார்த்தால் நம் மிளகாய் வத்தல் பொடி. நாக்கில் வைத்தால் காரமே இல்லை. டப்பாவில் பாதியை அவர் கொட்டியபோது எனக்குக் கண் எரிந்தது... எல்லாம் பழக்கம்தான்!

"மூடியத் தொறக்கக் கூடாது. ஒரு தடவ தொறந்தா அரை மணி நேரம் வீணாப் போயிரும்" என்றார்.

இனிமேல்தான் விஷயம்.

நான் குடியிருப்பது நாலு வீடுள்ள ஒரு வளவு. ஒரே முற்றம், ஒரே குழாய். முன் வீட்டில் வீட்டுச் சொந்தக்கார அண்ணாச்சி, மற்ற மூன்றிலும் குடித்தனக்காரர்கள். குடிவந்த அன்று அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "மீனு, ஆடு, கோழி எத வேணாலும் ஆக்குங்க. பெரிய கறி மட்டும் வளவுக்குள்ள வரக்கூடாது."

பெரிய கறி என்றால் மாட்டுக்கறி. பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஏன் இந்தத் தடை? மதமா? இல்லை. அவரும் நானும் ஒரே மாதா கோயிலில் பூசை காண்கிறவர்கள். கௌரவம்! மாடு தின்கிறவர்கள் வளவு என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் தலை குனிந்துவிடுமாம்.

ஏழு வருஷம் நான் என்ன செய்தேன் தெரியுமா? கறியை இலையில் சுற்றி, அதன்மேல் பேப்பர் சுற்றி, பைக்குள் வைத்து முருங்கைக்கீரையால் மூடிக் கொண்டுவந்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு பிரஷர் குக்கரில் வேக வைத்தேன். பக்கத்து அடுப்பில் நெத்திலிக் கருவாடு பொரித்தேன். கருவாட்டு வாடைக்கு முன்னால் வேறு எந்த வாடை நிற்கும்? வாராவாரம் உங்களிடம் வீரம் பேசுகிறவள்தான் இப்படிச் செய்தாள்.

அன்றும் பத்து மணிக்குச் சட்டி மணக்கத் தொடங்கியதும் என் கை தானாகக் கருவாட்டு டப்பாவுக்குப் போனது. பொரித்தேன். பத்தரைக்கு மறுபடி பொரித்தேன். பதினொன்றரைக்கு டப்பா காலி. சட்டியோ இன்னும் ஐந்தரை மணி நேரம் வேக வேண்டும்!

இருபது நிமிஷத்தை மறைக்கலாம். எட்டு மணி நேரத்தை மறைக்க எவ்வளவு கருவாடு வேண்டும்?

"ஏளா, இவ்வளவு கருவாட்ட யாரு திங்கப்போறா?" என்றார் இவர்.

"திங்கதுக்கு இல்லங்க" என்று காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கப்பல்ல நாப்பது பேருக்கு ஆக்குதேன். ஒருத்தன் பன்னி திங்க மாட்டான், ஒருத்தன் மாடு திங்க மாட்டான். எவனும் அடுத்தவன் தட்ட எட்டிப் பாக்கதில்ல. என் வீட்டுல நான் களவாணி மாதிரி ஆக்கணுமாளா?"

எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணாச்சி வாசலில் நின்றார். "மேரி, என்ன வாடை இது?"

"மாட்டுக்கறி, அண்ணாச்சி."

ஏழு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். வாய் ஒன்றும் கோணிக்கொள்ளவில்லை.

"வெளையாடாத. சட்டியத் தொற, பாப்போம்."

உள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார்: "தொறக்கக் கூடாது அண்ணாச்சி, வேக்காடு கெட்டுரும். அஞ்சு மணிக்கு வாங்க. தின்னு பாத்தே தெரிஞ்சுக்கிடலாம்."

"என்னலே, நக்கலா? மாசக் கடைசிக்குள்ள ரெண்டு பேரும் வீட்டக் காலி பண்ணுங்க!"

போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது, மறைப்பானேன்? புதன்கிழமை இவர் கப்பலேறிவிடுவார். அதன் பிறகு இரண்டு பிள்ளைகளோடு நான் தனியாக வீடு தேட வேண்டும். ஆம்பளை வீட்டில் இல்லாத பெண் வாடகைக்கு வீடு கேட்டால் எத்தனை கேள்வி கேட்பார்கள் என்று கேட்டுப் பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

"அணைச்சிரவா?" என்றார் இவர்.

"வேண்டாம். வேகட்டும்."

அன்று முழுக்க கரண்ட் போகவில்லை. அந்த அதிசயத்தையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

நாலரை மணிக்குப் பின்கதவில் சத்தம். பக்கத்து வீட்டு டீச்சர். நாசரேத் ஊர்க்காரர். சேலை மடிப்பு கலையாமல் நடக்கிறவர். 'அதெல்லாம் நாங்க தொடுறதில்ல' என்று என்னிடமே பல தடவை சொன்னவர். இப்போது முந்தானைக்குள் ஒரு கிண்ணம்!

"மேரி, காலையில இருந்து மணந்து கொல்லுது. பிள்ளைங்க இருக்க விடல. ஒரு ரெண்டு கரண்டி..."

"நீங்கதான் தொட மாட்டியளே டீச்சர்?"

"எங்க வீட்டுலயும் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கருவாடுதான் பொரிக்கேன். உனக்குத் தெரியாதாக்கும்?"

எப்படி இருக்கிறது? ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏழு வருஷமாக ஒருவரை ஒருவர் ஏமாற்றக் கருவாடு பொரித்திருக்கிறோம். சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"கிண்ணம் நெறையத் தாரேன் டீச்சர். ஆனா இந்தக் கதவு வழியாத் தர மாட்டேன். முன்வாசல் வழியா வாங்க."

"அங்கன அண்ணாச்சி நாற்காலி போட்டு உக்காந்திருக்காரே!"

"இருக்கட்டும்."

டீச்சர் காலிக் கிண்ணத்தோடு திரும்பிப் போனார். வீட்டைத் தொலைத்தது போதாது என்று நல்ல அண்டை வீட்டையும் தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தார். கரண்டி பட்டதுமே கறி இழை இழையாகப் பிரிந்தது. குழம்பு செங்கல் நிறம். ஒரு வாய் வைத்தேன்... போங்கள், எழுத வரவில்லை.

அப்போது முற்றத்தில் அண்ணாச்சியின் குரல். "டீச்சர், கிண்ணத்தத் தூக்கிட்டு எங்க போறிய? அது என்ன கறின்னு தெரியுமா?"

எட்டிப் பார்த்தேன். முற்றத்தின் நடுவில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கிண்ணம் முந்தானைக்கு வெளியே இருந்தது.

"தெரியும் அண்ணாச்சி. மேரிய மாசக் கடைசில காலி பண்ணச் சொன்னியளாமே? எங்களையும் சேத்துக்கிடுங்க."

அண்ணாச்சி நாற்காலியை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

இவர் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினார். மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் வேண்டாம் என்றார். ஆவி பறக்க, திறந்த கிண்ணத்தோடு முற்றத்தைக் கடந்து போனார்.

புதன்கிழமை இவர் கப்பலேறினார். சட்டி என்னிடம் இருக்கிறது. அண்ணாச்சி இதுவரை மறுபடி வாய் திறக்கவில்லை. திறந்தாலும் நான் காலி செய்வதாக இல்லை. எங்களை ஏழு வருஷம் அடக்கி வைத்தது அவர்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஜன்னலைச் சாத்திய கை என்னுடையது.

வருகிற ஞாயிறும் ஒன்பது மணிக்குச் சட்டி வைக்கிறேன். கருவாடும் வாங்கியிருக்கிறேன் — தின்பதற்கு.