பழைய அரிசிக்குப் புது விலை

அரிசிக் கடைக்காரனை ஊரே 'அண்ணே' என்று கூப்பிடும், விலை ஏறுகிற நாள் வரைக்கும். அதற்கப்புறம் அவன் திருடன். ஸ்ரீரங்கத்தில் இருபத்தாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்த இரண்டு பட்டத்தையும் மாறி மாறி வாங்கி அலுத்துவிட்டது. நீங்கள் அரிசி விற்காவிட்டாலும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள்தானே? அந்த உரிமையில் உங்களிடம் புலம்புகிறேன்.

பேப்பர் வந்த காலை

நெல்லுக்கு ஆதார விலையை அரசாங்கம் ஏற்றிவிட்டது என்று பேப்பரில் வந்த அன்று, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து போன். அடுத்த லோடிலிருந்து மூட்டைக்கு இவ்வளவு கூட என்றார் மேனேஜர். ஏற்றியது இனிமேல் அறுக்கப்போகிற நெல்லுக்குத்தானே, இன்னும் நாற்றே விடவில்லையே என்றேன். "பேப்பர்ல வந்துருச்சுல்ல ராஜு, அப்புறம் என்ன நாத்து?" என்று சிரித்தார்.

வாதாடிப் பிரயோஜனமில்லை. கடையைத் திறந்ததும் அரிசிக் கிண்ணங்களில் குத்தியிருக்கும் விலை அட்டைகளை மாற்றினேன். மற்ற கடைகளிலும் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

முதல் ஆளாக வந்து நின்றவர் நூர்ஜஹான். மன்னார்புரத்தில் மெஸ் நடத்துகிறார். வாரம் இரண்டு மூட்டை எங்கள் லோடு ஆட்டோவில் போகும். வீட்டுக்காரர் தவறிய பிறகு, வாசலில் 'அளவில்லாச் சாப்பாடு' என்று பெயிண்டில் ஒரு வரி எழுதி, அதை நம்பித்தான் அந்த மெஸ்ஸை ஆரம்பித்தார். சென்ட்ரிங் வேலைக்காரர்களும் லாரி டிரைவர்களும் நாளைக்கு ஒரு வேளை வயிறார உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அது. காசைக் கூட்டினால் டீக்கும் பன்னுக்கும் போய்விடுவார்கள். நாலு அரிசியை வாயில் போட்டு மென்றபடி புது அட்டையைப் பார்த்தார். 

"அந்த போர்டை மட்டும் மாத்த வச்சிராதீங்கண்ணே" என்றார்.

ஐந்து மூட்டை

அன்று சாயங்காலமே கைலாசபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு சார் காரில் வந்து இறங்கி, ஐந்து மூட்டை கேட்டார். இன்னும் ஏறும் என்று வாட்ஸப்பில் வந்ததாம். மூன்று பேர் இருக்கிற வீடு சார், வண்டு வைத்துவிடும், மாதம் ஒன்றாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வியாபாரி விற்க மாட்டேன் என்றால் பதுக்குகிறான் என்று அர்த்தமாமே! என்னை ஒரு மாதிரி பார்த்தார். சரி, எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஏற்றி அனுப்பினேன்.

ஆவணியில் இரண்டு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே கையை விட்டால் வண்டு கையோடு ஊறி வருகிறது. யாரோ சொன்னார்களென்று மொட்டை மாடியில் சுள்ளென்ற வெயிலில் பரப்பியிருக்கிறார்கள். அரிசியை அப்படிக் காயவைக்கவே கூடாது. பாதி நொய்யாகிவிட்டது. அவரைத் திட்டலாமா, அழலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவரே சொன்னார்:

"அரிசியெல்லாம் உடைஞ்சு போச்சு ராஜு. வண்டு மட்டும் முழுசு முழுசா இருக்கு."

யாருக்காக ஏற்றினார்களோ அவர்

பிச்சைமுத்துவுக்கு மண்ணச்சநல்லூர் பக்கம் மூன்று ஏக்கர். விளைவதெல்லாம் விற்பதற்கு, சாப்பாட்டுக்கு என் கடை அரிசி. ஐப்பசி அறுப்பு முடிந்து வந்தார். விலை ஏறியதில் சந்தோஷப்படுகிற ஒரு முகத்தையாவது பார்ப்போமே என்று ஆசையாக விசாரித்தேன்.

கொள்முதல் நிலையத்தில் அவர் முறை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நெல்லில் ஈரம் கூடுதல், காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றுவிட்டார்கள். ரோட்டில் பரப்புவதும், மேகம் கட்டினால் அள்ளித் தார்ப்பாய் போடுவதுமாக நாலு நாள். ஐந்தாம் நாள் நெல் முளைவிடப் பார்த்தது. பைக்கில் வந்த வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார். பழைய ஆதார விலையைவிட அது கம்மி. அப்படி வாங்கிய நெல் எந்த மில்லுக்குப் போகும், அங்கிருந்து எந்தக் கடைக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா? அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

வழக்கமாக ஒரு மூட்டை எடுக்கிறவர் பத்து கிலோ போதும் என்றார். பையைத் தோளில் வைத்துக்கொண்டு, கிண்ணத்து அட்டையைக் காட்டினார்.

"எனக்கு ஏத்துனது உங்க கடை வரைக்கும் சரியா வந்து சேந்துருச்சு, பாத்தீங்களா?"

ஒரு வருஷப் பழசு

எங்கள் தொழிலில் எல்லாரும் பெருமையாகச் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: 'ஒரு வருஷப் பழசுங்க, சோறு பொலபொலன்னு இருக்கும்.' புது அரிசி குழையும், பழசு குழையாது, அதனால் பழசுக்கு மவுசு. வாய் தானாகச் சொல்லும். ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையரான தேசிகன் மாமாவிடமும் அப்படியே சொல்லித் தொலைத்தேன்.

மாமா கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். திருமண் காயவில்லை. பழசுதானே, சத்தியமா, என்று இரண்டு தடவை கேட்டு என் வாயாலேயே உறுதி செய்துகொண்டார். அப்புறம் ஆரம்பித்தார். பழசென்றால் போன வருஷத்து நெல், அதை வாங்கினது போன வருஷத்து விலைக்கு, அப்படியிருக்க அட்டையில் இந்த வருஷத்து விலை எப்படி வந்தது? இதை விற்ற காசில்தானே மாமா அடுத்த லோடு எடுக்கணும் என்று, இருபத்தாறு வருஷமாக எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னேன். எல்லாரும் அதோடு போய்விடுவார்கள். மாமா போகவில்லை.

"அடுத்த லோடு வரட்டும், அதுக்கு அந்த விலை குடுக்கறேன். இது என்ன பாவம் பண்ணித்து, சொல்லுங்கோ?"

போர்டு

அந்த வாரம் நூர்ஜஹானுக்கு ஒரு மூட்டைதான் போயிருந்தது. அதற்கு முந்தைய வாரமும் ஒன்றுதான். அதற்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லோடு ஆட்டோவில் நானும் ஏறி மன்னார்புரம் போனேன்.

போர்டில் 'அளவில்லா' என்ற சொல்லின் மேல் வெள்ளை அடித்திருந்தது. கீழே 'இரண்டாவது சோறு தனி'. நாலு மாதம் அப்பளத்தை நிறுத்தி, கூட்டை நிறுத்திச் சமாளித்துப் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் முடியவில்லை. மத்தியானப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சென்ட்ரிங் வேலை பார்க்கும் ஒருவர், வயது ஐம்பது இருக்கும், மூன்று தடவை சோறு வாங்குகிறவர் என்று எனக்கே தெரியும். நூர்ஜஹான் சோற்று வாளியோடு பக்கத்தில் வருவதற்குள் குனிந்துகொண்டு இலையின் மேல் கையை விரித்து மூடினார். அடுத்த இலையிலும் அப்படியே ஒரு கை. நூர்ஜஹான் வாளியை அடுப்படியில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"சண்டை போடுவாங்கன்னு பதிலெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேண்ணே. ஒருத்தரும் கேக்கல. என் மூஞ்சியப் பாக்காம இலையை மூடுறாங்க."

 மாமாவின் கேள்வி என் எதிரே வந்து நின்றது. என் குடோனில் போன வருஷம் வாங்கிப்போட்ட நாற்பத்தோரு மூட்டை கிடக்கிறது, நிஜமான பழசு. வாரம் இரண்டாக அதை உங்களுக்கே அனுப்புகிறேன், பழைய விலைதான், வெளியே சொல்லாதீர்கள், மற்ற கடைக்காரர்கள் என்னை உதைப்பார்கள் என்றேன். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை அவர். எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டார். பங்குனி வரைக்கும் என்றேன். வெள்ளையடித்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப பெயிண்டரைக் கூப்பிடல. சாக்பீஸ்லயே எழுதிக்கிறேன்."

குடோன் காலியானால் குதூகலப்படுகிற தொழிலில் இருந்துகொண்டு, ஒவ்வொரு மூட்டை வெளியே போகும்போதும் மிச்சத்தை எண்ணிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற அரிசிக் கடைக்காரன் திருச்சி ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.