பத்தடிக் கால்

மலர்விழி யார் வீட்டு வாசலில் நின்றாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் துரைக்கண்ணு அதைக் கூச்சம் என்று நினைத்தான். கூச்சமும் உண்டுதான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தவனுக்கு இன்னொன்றும் தெரிந்துபோயிற்று. அவள் தரையைப் பார்க்கவில்லை, தரையில் விழுந்த நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்தால் யார் என்ன புடவை கட்டியிருந்தார்கள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. அந்த வாசலுக்கு எத்தனை மணிக்கு வெயில் வந்தது, எந்தச் சுவர் அதை மறைத்தது என்று கேட்டால் சொல்லுவாள்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. திண்டிவனத்தில் ரயில்வே லைன் ஓரம் வீடு. விழுப்புரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆபீசைப் பெருக்கித் துடைக்கத்தான் அவள் முதலில் போனாள். அந்த நிறுவனம் சிறு தொழில் செய்பவர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் சோலார் வைத்துக் கொடுத்தது. பாதிப் பணம் வெளியூர் நன்கொடையாளர்கள் தருவார்கள். மீதியில் கொஞ்சம் பேங்க் கடன், கொஞ்சம் குழுவின் பங்கு. பணம் இருந்தது, திட்டம் இருந்தது. ஊர் ஊராகப் போய் ஆட்களை நம்ப வைப்பதுதான் நடக்கவில்லை. படித்த பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்து படம் காட்டுவார்கள். பெண்கள் தலையை ஆட்டுவார்கள், டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஒருநாள் மேனேஜர் அறிவுச்செல்வன் துணைக்கு ஒரு பெண் இருக்கட்டும் என்று மலர்விழியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு மாவு மில்லின் மொட்டை மாடியில் இன்ஜினியர் அளவெடுத்து முடித்து இறங்கும்போது, மூணு மணிக்கு மேல் பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டியின் நிழல் இதில் விழும் சார் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். விழுந்தது. அடுத்த மாசத்திலிருந்து அவள் களப்பணியாளர்.

அவளுக்கு ஒரு முறை இருந்தது. முதல் தடவை போனால் சோலார் என்ற பேச்சையே எடுக்க மாட்டாள். அவர்கள் செய்கிற வேலையில் தானும் உட்கார்ந்துகொள்வாள். பூ கட்டினால் பூ கட்டுவாள், புளி கொட்டை எடுத்தால் கொட்டை எடுப்பாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நிழல் போகிற பாதையைப் பார்ப்பாள். இரண்டாம் தடவை நாலு வார்த்தை சொல்லுவாள். அதிகம் பேசாதவள் பொய் சொல்ல மாட்டாள் என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஒன்பது வருஷத்தில் இருபத்துமூன்று இடங்களில் அப்படித்தான் சோலார் பலகை ஏறியது.

இருபத்துநாலாவது இடம், கூட்டேரிப்பட்டு ஜங்ஷனிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டரில் இருக்கும் காலனி. அங்கே அம்சா என்பவள் பத்துப் பெண்களைச் சேர்த்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மெஷினும் ஒரு எண்ணெய்ச் செக்கும் போட்டிருந்தாள். கொட்டகை அவள் வீட்டு மனையிலேயே இருந்தது. வியாபார கனெக்‌ஷன் என்பதால் கரண்டு பில் அவர்கள் கூலியைத் தின்றுகொண்டிருந்தது. மத்தியானமானால் கரண்டு இறங்கிப்போய் மெஷின் முனகும்.

வாசலில் ஒரு புங்க மரம். மரத்தடியில் கயிற்றுக் கட்டில். கட்டிலில் அம்சாவின் புருஷன் பச்சைமுத்து. ஏழு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் கட்டட வேலையில் சாரம் சரிந்து நாலாவது மாடியிலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பேச்சும் போய்விட்டது. விடிந்ததும் அம்சாவும் இன்னொருத்தியும் கட்டிலோடு தூக்கி வந்து மரத்தடியில் போடுவார்கள். பொழுது சாயும்வரை அவர் மேலே பார்த்துக்கொண்டே இருப்பார். இலைக்கு நடுவே வருகிற வெளிச்சம் முகத்தில் ஆடும். அணில் ஓடினால் உதட்டோரம் கொஞ்சம் ஏறும். மழை நாளில் அறைக்குள் படுக்க வைத்தால் சுவரைப் பார்த்துக் கத்துவார். தெருக்கோடி வரை கேட்கும்.

மலர்விழி முதல் நாள் முழுக்க அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சொத்தைக் கொட்டை பொறுக்கினாள். பன்னிரண்டு மணிக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொட்டகைக் கூரை ஆஸ்பெஸ்டாஸ், பலகையின் கனம் தாங்காது. வெயில் முழுசாகக் கிடைக்கிற ஒரே இடம் புங்க மரம் நிற்கிற இடம். ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினாள். இரண்டாம் தடவையும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை குழுவில் வாயாடியான ராஜாமணி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எம்மே, மூணு வாட்டி வந்துட்ட. மல்லாட்டை பொறுக்கவா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க? நீ வாயத் தொறக்கறதுக்குள்ள எங்க பேரப்புள்ளைங்களுக்குக் கண்ணாலமே ஆயிடும் போலக்கீது."

எல்லோரும் சிரித்தார்கள். மலர்விழி சிரிக்காமல் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அம்சா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இந்த இடத்தை விட்டுவிடலாம் என்று மலர்விழி ஆபீசில் சொன்னாள். நன்கொடை கொடுக்கிறவர்களுக்கு இந்தக் குழுவைத்தான் பிடித்திருக்கிறது என்றார் அறிவுச்செல்வன். ஒரு வாரம் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பிறகு, ஒன்பது வருஷத்தில் ஆபீசில் எதுவும் கேட்டிராதவள், ஒன்று கேட்டாள். பலகையைத் தாங்குகிற இரும்புக் காலை மூணடிக்குப் பதிலாகப் பத்தடி வைக்க முடியுமா? அப்போது அடியில் கட்டில் போடலாம். நிழலும் இருக்கும், காற்றும் வரும். செலவு கூடும், காற்றுக்குத் தாங்க அஸ்திவாரம் ஆழமாகப் போட வேண்டும் என்றார் இன்ஜினியர். கேட்டது அவள் என்பதால் ஒத்துக்கொண்டார்கள். பலகைக்கு அடியில் ஒரு கட்டிலையும் வரைந்து இன்ஜினியர் அவள் கையில் கொடுத்தார்.

அம்சா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பத்துப் பேர் கூலி தன் ஒருத்தியால் குறைந்து நிற்கிறது என்ற எண்ணம் அவளுக்கு ஏற்கெனவே முள்ளாக இருந்தது. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

"பில்லு கொறையும், கொறையாது, அத்த நான் கேக்கல மலரு. அவுருக்கு நெழலு இருக்குமா? ஆபீசருங்க சொல்ல வாணாம், நீ சொல்லு."

"இருக்கும்க்கா."

அவ்வளவுதான் மலர்விழி சொன்னது.

இது நடந்தது ஆனி மாசக் கடைசியில். பலகை வைக்கலாமா என்று மின்சார ஆபீசுக்கு மனு போட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் சரி என்று கடிதம் கொடுத்த பிறகுதான் மற்ற வேலை எதையும் தொடுவார்கள். மலர்விழி எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்துவந்தாள். ஆனால் குழுவில் எல்லோருக்கும் ஆடி வந்துவிடும் என்ற கவலை. ஆடியில் புது வேலை எதுவும் தொடங்குவதில்லை. ஆவணிக்குத் தள்ளினால், அதற்குப் பின்னாலேயே ஐப்பசி மழை வந்து குழி தோண்ட விடாது. ஆனியிலேயே மரத்தை வெட்டி ஒரு கடப்பாரை போட்டுவிட்டால் வேலை தொடங்கின மாதிரி ஆகிவிடும், ஆடி நம்மை ஒன்றும் செய்யாது என்றாள் ராஜாமணி. பத்து நாள் போனால் அம்சா மனசு மாறிவிடுவாள் என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது. அறிவுச்செல்வனிடம் போனில் கேட்டார்கள். கடிதம் வந்துவிடும், இதுவரை ஒரு இடத்திலும் மறுத்ததில்லை என்றார். திண்டிவனம் பட்டறையில் இரும்புக் காலையும் செய்யச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

வேண்டாம், கடிதம் வரட்டும் என்று மலர்விழிக்கு வாய்வரை வந்தது. பதினோரு பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டுவிட்டு நாமே தடங்கல் சொல்வதா என்று கூசினாள். தரையைப் பார்த்தபடி இருந்துவிட்டாள்.

வெட்டுவதற்கு முதல்நாள் சாயங்காலம் அம்சா மரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மேலே இருக்கிற பறவையெல்லாம் வேறு இடம் பார்த்துப் போங்கள் என்று அடிமரத்தைத் தொட்டுச் சொன்னாள். மறுநாள் புதன்கிழமை. பச்சைமுத்துவை அறைக்குள் படுக்க வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். ரம்பம் ஓடத் தொடங்கியதும் அவர் கத்தத் தொடங்கினார். ரம்பம் நின்றபோது அவரும் நிறுத்தினார். அப்புறம் ரம்பமே இல்லாமல் கத்தினார். ஒன்றரை மணி நேரத்தில் மரம் முடிந்தது. வாசல் வெளுத்துப்போய், அது யாரோ வேறு ஆளின் வீடு மாதிரி இருந்தது.

ஆடி பதினொன்றாம் தேதி கடிதம் வந்தது. அந்தக் காலனிக்குக் கரண்டு தருகிற டிரான்ஸ்பார்மரில் இனி சோலார் சேர்க்க இடமில்லை. ஹைவேயில் புதிதாக வந்த பெரிய ஓட்டலும் இரண்டு செங்கல் சூளைகளும் முன்னாலேயே பலகை வைத்து, அது தாங்கும் அளவு முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தன. புது டிரான்ஸ்பார்மர் வந்தால் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. யார் மீதும் குற்றம் சொல்ல முடியாத கடிதம்.

போனில் சொல்லிவிடலாம் என்றார் அறிவுச்செல்வன். மலர்விழி நேரில் போனாள். கூட்டேரிப்பட்டில் இறங்கி மூன்று ஷேர் ஆட்டோவைப் போகவிட்டாள். நாலாவதில் ஏறினாள்.

வாசலில் நாலு மூங்கில் நட்டு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் கீழே பச்சைமுத்து. தார்ப்பாய் வெயிலை மறைத்தது, ஆனால் சூட்டை அப்படியே கீழே இறக்கியது. அவர் முகம் நீலமாக இருந்தது. கண்ணை மூடியிருந்தார். மலர்விழி சொல்லி முடிக்கும்வரை அம்சா முறத்தில் இருந்து கையை எடுக்கவில்லை. ராஜாமணிதான் பேஜாரு, பேஜாரு என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆபீசைத் திட்டினாள், ஓட்டல்காரனைத் திட்டினாள், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அம்சா யாரையும் திட்டவில்லை.

"ஆபீசர் சொன்னா நான் வெட்டியிருக்க மாட்டேன். நீ சொன்னியேன்னு வெட்டினேன்."

சொல்லிவிட்டுக் கொட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு மலர்விழி செய்யாதது ஒன்றில்லை. மின்சார ஆபீசுக்கு ஆறு தடவை நடந்தாள். பேசவே பயப்படுகிறவள், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனு கொடுத்தாள். துரைக்கண்ணுவை லீவு போடச் சொல்லி, இருவருமாகக் கீற்று வாங்கிப் போய் அம்சா வாசலில் பந்தல் போட்டார்கள். அம்சா தடுக்கவில்லை, தண்ணீர் கொடுத்தாள். பந்தலுக்கு அடியில் பச்சைமுத்துவைப் படுக்க வைத்தார்கள். அவர் மேலே பார்த்தார். காய்ந்த கீற்று. எதுவும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டார். கார்த்திகைப் புயலில் அந்தப் பந்தலும் போயிற்று. பிறகு அவரை வெளியே தூக்கி வருவதை அம்சா நிறுத்திவிட்டாள். முதலில் கத்தினார். மார்கழிக்குப் பிறகு கத்துவதும் இல்லை. அந்த அமைதியைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்று ராஜாமணி போனில் சொன்னாள்.

நன்கொடைப் பணத்தை மார்ச் மாசத்துக்குள் செலவு செய்யாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். மாசி பிறந்ததும் அதை வல்லம் பக்கம் ஒரு தையல் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே நல்ல கான்கிரீட் மாடி. கடிதம் கையில் வந்த பிறகுதான் மலர்விழி அங்கே ஆணி அடிக்கக்கூட விட்டாள். கால்கள் மட்டும் திண்டிவனம் பட்டறையில் செய்தபடி கிடந்தன. மாடிக்குப் பத்தடி தேவையில்லை. அளவு சரியாக வெட்டுகிறார்களா என்று பார்க்க அவளைத்தான் அனுப்பினார்கள்.

பட்டறைக்காரர் விருத்தாசலம் கால்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். எட்டுக் கால். சிவப்பு பிரைமர் அடித்தது. எதுக்கும்மா இவ்வளவு ஒசரம் செய்யச் சொன்னீங்க, வீணாப் போச்சே என்றார். மூணடியில் சாக்பீஸ் கோடு போட்டு மெஷினை வைத்தார். ஒவ்வொரு காலிலிருந்தும் ஏழடி கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. எட்டும் விழும்வரை மலர்விழி நின்றாள். துண்டுகளை என்ன செய்யலாம் என்று கேட்டார். எடைக்குப் போட்டு ரசீதை ஆபீசுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனாள். வழியில் தெரிந்தவர்கள் இருவர் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

வல்லத்துத் தையல் கூடத்தில் பலகை ஏறிய அன்று எல்லோரும் மாடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவளையும் நடுவில் நிறுத்தினார்கள். நன்கொடையாளர்களுக்கு அனுப்பிய புத்தகத்தில் அந்தப் படம் வந்தது. கீழே அவள் பெயரும், இருபத்துநான்காவது வெற்றி என்றும் போட்டிருந்தது. துரைக்கண்ணு அதைக் கண்ணாடி போட்டு மாட்ட ஆசைப்பட்டான். வேண்டாம் என்றாள்.

இப்போது மலர்விழி வல்லம், செஞ்சிப் பக்கம் மட்டும் போகிறாள். கூட்டேரிப்பட்டுப் பக்கம் வேண்டாம் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். காலனிக்குப் புது டிரான்ஸ்பார்மர் இன்னும் வரவில்லை. மனு வரிசையில் இருக்கிறது. அம்சாவின் கொட்டகை பழைய கரண்டில் ஓடுகிறது, குழுவில் இப்போது எட்டுப் பேர். பச்சைமுத்து அறைக்குள் இருக்கிறார். அம்சா மலர்விழியோடு பேசுவதில்லை.