பெரிய டிவியில் மாமியார் முகம்

உப்பளம் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, எங்கள் கல்யாண வீடியோ கேசட்டை பென் டிரைவுக்கு மாற்றி வாங்கினேன். போன மாதம் வாங்கிய பெரிய டிவியில் போட்டால், மாமியார் முகம் வெயிலில் வைத்த மெழுகு மாதிரி வழிகிறது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா போய் ஒரு வருஷம்தான் ஆகிறது.

ஸ்டூடியோக்காரருக்கு போன் போட்டுக் கத்தினேன்.

"கேசட்டுல இருக்கிற புள்ளியே கொஞ்சம்தான் சார். இந்த டிவி அத இழுத்துப் பரப்பி, நடுவுல இல்லாதத அதுவா இட்டு நிரப்புது. பழைய டிவி சின்னது, கொற தெரியல. கொஞ்சம் தள்ளி ஒக்காந்து பாருங்க."

தள்ளி உட்காரவா இத்தனை பெரிசு வாங்கினேன்? முணுமுணுத்துக்கொண்டே நாற்காலிகளைச் சமையலறை வாசலுக்கு இழுத்துப் போட்டேன்.

அங்கிருந்து முகம் கூடிவந்தது. மூக்குத்தி தெரிந்தது. மாப்பிள்ளைக்கு இன்னும் பாயசம் ஊற்றச் சொல்லி யாரையோ அதட்டுகிற வாய் தெரிந்தது.

மனைவி எழுந்து டிவி பக்கம் போனாள்.

"கிட்ட போவாத, கலஞ்சிடுவாங்க" என்றேன்.

நீட்டிய கையோடு பாதியில் நின்றுவிட்டாள்.