பல் மருத்துவமனையில் கூடிய பொதுக்குழு

கோரம் இல்லை. ஒருவர் குறைகிறார்.

சங்கம், கழகம் போன்ற இடங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டிய சொல் இது. கோரம் என்றால், கூட்டம் செல்லுபடியாவதற்கு நேரில் வந்தே தீரவேண்டிய ஆட்களின் எண்ணிக்கை. அதில் ஒரு தலை குறைந்தாலும், மீதிப் பேர் எவ்வளவு பெரிய அறிஞர்களாக இருந்தாலும், அவர்கள் சேர்ந்து காபி குடித்ததாகத்தான் கணக்கு.

ஸ்ரீரங்கத்தில் ஓர் ஆய்வுக் கழகத்தில் நான் ஆபீஸ் மேனேஜராக இருந்தேன். இடைக்காலக் கல்வெட்டுகளையும் உரைநூல்களையும் ஆராய்கிறவர்களுக்கு உதவித்தொகை தருவது எங்கள் வேலை. அந்த வருடம் தொட்டியத்திலிருந்து மாலதி என்ற பெண் தேர்வாகியிருந்தாள். வாழை, வாய்க்கால், வயல் பற்றிய சொற்கள் கல்வெட்டில் எப்படி வருகின்றன, உரைகளில் எப்படி வருகின்றன என்பது அவள் ஆராய்ச்சி. பணம் தரும் அறக்கட்டளை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. பொதுக்குழுத் தீர்மானம் கூட்டத்தன்று மாலைக்குள் மெயிலில் வரவேண்டும். இல்லையென்றால் உதவித்தொகை வேறு ஊருக்குப் போய்விடும். மாலதிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை தயாராக இருந்தது. தீர்மானம் வந்தால் படிப்பு, வராவிட்டால் பில் என்று அவள் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வராத அந்த ஒருவர் பேராசிரியர் அருளப்பன். கல்வெட்டில் பெரிய ஆள். மாலதிக்கு வழிகாட்டியாகத் தேசிகன் சாரைப் போட்டதில் அவருக்குக் கோபம். தேசிகன் சார் உரைநூல்களில் பெரிய ஆள். ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்வதில் இருவருக்கும் தகராறு வந்து, பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. "பல்லைப் பிடுங்கிக்கிட்டாலும் பிடுங்கிக்குவேன், அந்த மீட்டிங்குக்கு வரமாட்டேம்மா" என்று அருளப்பன் என்னிடம் போனில் சொல்லியிருந்தார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி எடுத்தார்.

"அவரு தில்லைநகர் டாக்டரம்மாகிட்ட பல்லு பிடுங்கப் போயிருக்காரும்மா. வருஷக்கணக்கா கெஞ்சுறேன், பயந்துகிட்டுப் போகவே இல்ல. இன்னிக்கு என்னமோ தானா கிளம்பிட்டாரு!"

வீடியோ காலில் வருவதை எங்கள் விதி ஒப்புக்கொள்ளாது. ஆனால் கூட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. அந்த விதியைக் காட்டினேன். ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வரான எங்கள் தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆட்டோ கூப்பிடுங்க வசந்தா" என்றார்.

காவேரிப் பாலத்தைத் தாண்டித் தில்லைநகருக்கு மூன்று ஆட்டோவில் போய் இறங்கினோம். கூடவே வந்த மாலதி வாசலில் நின்றுகொண்டாள். காத்திருக்கும் அறையில் நாங்கள் நுழைந்ததும் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"இத்தனை பேரா? எல்லாருக்கும் பல்லா?"

"இல்லீங்க டாக்டர். பொதுக்குழு" என்றேன்.

அவர் பதில் யோசிப்பதற்குள் உள்ளே இருந்து அருளப்பன் வந்தார். பாதி முகம் மரத்துத் தொங்கியது. வாயில் பஞ்சு. எங்களைப் பார்த்ததும் திரும்பி உள்ளேயே போகப் பார்த்தார். அங்கே அடுத்த ஆள் நாற்காலியில் ஏறிவிட்டார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

"பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருக்கணும். பேசவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

தலைவர் தீர்மானத்தை வாசித்தார். எல்லோரும் கை தூக்கினார்கள். அருளப்பன் தூக்கவில்லை. உதவித்தொகைத் தீர்மானம் ஒருமனதாக இருக்கவேண்டும் என்பது எங்கள் விதி.

"உங்க கருத்து என்னங்க சார்?"

"ம்ம்ஹ்ம்" என்றார்.

"சம்மதம்னுட்டார்" என்றார் தேசிகன் சார்.

"நடுவுல ஹகரம் வந்துச்சு. அது மறுப்பு" என்றார் குழுவில் இருந்த ஓர் இலக்கண ஆசிரியர்.

"ஹகரம் வந்தா மறுப்பா? கடைசியில ஏத்திச் சொன்னாரே, அது கேள்வின்னா!" என்று இன்னொருவர் கிளம்பினார்.

கன்னம் வீங்கிய ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சாட்சிக்கு இழுத்தார்கள். "எனக்கு ஆமான்னுதாங்க கேட்டுச்சு" என்றார் அவர். "நீங்க பேச்சுவழக்கை வச்சுச் சொல்றீங்க" என்று அவரையும் மடக்கினார்கள்.

அருளப்பனால் பொறுக்க முடியவில்லை. பஞ்சைப் பிடுங்கினார்.

"எஃசில் முழுங்ஃகினேன்யா!"

சட்டையில் ரத்தம் வழிந்தது. டாக்டர் கத்திக்கொண்டு புதுப் பஞ்சோடு ஓடிவந்தார். அவருக்கு முன்னால் எழுந்தவர் தேசிகன் சார். மடிப்புக் கலையாத தன் அங்கவஸ்திரத்தை எடுத்து அருளப்பன் மோவாயில் அழுத்திப் பிடித்தார்.

"ஓய், வாயைத் திறக்காதேயும். அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுண்டிருக்கா. கல்வெட்டு எனக்கு வராதுன்னு உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பாதிக்கு நீர் வழிகாட்டும். மீதியை நான் பார்த்துக்கறேன். கையை மட்டும் தூக்கும், போறும்."

அருளப்பன் அந்தத் துணியை ஒரு கையால் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார். மறு கையைத் தூக்கினார். வீங்கிய கன்னத்துக்காரரும் சேர்ந்து தூக்கினார். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு வழிகாட்டிகள் என்று தீர்மானத்தைத் திருத்தி, ரிசப்ஷன் கம்ப்யூட்டரிலேயே டைப் அடித்து மெயில் அனுப்பினேன். வாசலில் மாலதி ஜவுளிக்கடைக்குப் போன் போட்டு, "வரல சார், மன்னிச்சுக்குங்க" என்றாள். குரலில் வருத்தமே இல்லை.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கூட்டத்துக்கு ஒருவர் வரவில்லை என்றால், பதிவில் 'வரவில்லை' என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். கிளம்பிப் போங்கள்.

பிறகு சங்கப் பதிவு அலுவலகத்தில் மினிட்ஸ் கொடுக்கப் போனபோது, கூட்டம் நடந்த இடம் என்று போட்டிருந்ததை அங்கிருந்த கிளார்க் இரண்டு முறை படித்தார்.

"பல் ஆஸ்பத்திரியில எதுக்கும்மா மீட்டிங் போட்டீங்க?"

"கோரம் அங்கதான் சார் இருந்துச்சு" என்றேன்.

முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.