சங்கச் சுவரின் கீழ்ப்பாதி

செலீனா அக்கா சண்டைக்குப் போகமாட்டார். சண்டை தன்னைத் தேடி வரும்படி ஒரு வேலையைச் செய்துவிட்டு, அதன் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்.

யுத்தம் முடிந்தபின் இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி, மன்னார் தாழ்வுபாட்டுக் கரையில் கருவாடு போட்டுத் தன்னை நிமிர்த்திக்கொண்டவர் அவர். நான் பல நாடு சுற்றிவிட்டு, ஒரு கிழமை மட்டும் நிற்கலாம் என்று வந்தபோது, புதிதாகக் கட்டிய மீனவர் சங்கச் சுவரில் ஊர்ப்படம் கீறிக்கொண்டிருந்தார்கள். ஏணி பிடிக்க ஆள் தேவைப்பட்டது. நான் திரும்பிப் போகவில்லை.

திரும்பி வந்த எல்லோரும் சேர்ந்து கீறுவதென்றுதான் பேச்சு. ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வந்த ஆண்கள் மேல்பாதி முழுக்க வள்ளங்களாக நிரப்பினார்கள். ஒவ்வொருவரும் தன் வள்ளத்தைப் பக்கத்துக்காரனுடையதைவிட ஒரு சாண் நீட்டினார்.

"கரை எங்க? மீன் காயப்போடுற நாங்கள் எங்க?" என்று கேட்டார் அக்கா.

"பொம்பிளையள் சங்கத்தில உறுப்பினரில்லை, செலீனா," என்றார் தலைவர் பஸ்ரியன். "கீழ்ப்பாதியில கடலலை கீறுவம், அங்க அலைதான் வரும்."

"ஓம், வரும்," என்றார் அக்கா.

எங்கள் கரையில் ஒவ்வொரு வீட்டு வள்ளத்துக்கும் தனி நிறம். தூரத்தில் வரும்போதே ஆருடையது என்று தெரியவேண்டும். ஒருவரின் நிறத்துக்கு மேல் இன்னொருவர் பூசினால் கைகலப்புத்தான். பெருநாளுக்கு வள்ளங்களுக்கு அடித்த பெயின்றில் மிச்சம் எல்லா வீட்டிலும் கிடந்தது. திங்கட்கிழமை ஆண்கள் கடலுக்குப் போனதும், அதை எடுத்துக்கொண்டு வரும்படி அக்கா பெண்களுக்குச் சொல்லியனுப்பினார். ஒவ்வொருத்தியும் தன்னைத் தானே கீறவேண்டும், சட்டைக்குத் தன் வீட்டு வள்ளத்தின் நிறம் பூசவேண்டும். அவர் போட்ட சட்டம் அவ்வளவுதான். சனிக்கிழமைக்குள் கீழ்ப்பாதி நிறைந்துவிட்டது: மீன் வெட்டுகிறவள், கடகப்பெட்டி தூக்குகிறவள், வியாபாரியோடு வாய் காட்டுகிறவள்.

கடலும் நித்திரையுமாக இருந்த ஆண்கள் ஞாயிறுதான் சுவர்ப்பக்கம் வந்தார்கள். பூசை முடிந்ததும் பஸ்ரியன் சுண்ணாம்பு வாளியும் பூசுகிற பிறஸுமாக வந்தார்.

"சங்கத்தைக் கேக்காமல் கீறினது. அழிக்கப்போறன்."

"அழியுங்கோ அண்ணை," என்றார் அக்கா. "ஆனா மற்ற வீட்டு நிறத்தில கை வைக்கேலாது. அவரவர் நிறத்தை அவரவர் அழிக்கட்டும். நீங்கள் தலைவர், நீங்களே தொடங்குங்கோ."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பஸ்ரியன் தன் வீட்டுப் பச்சையைத் தேடினார். பச்சைச் சட்டையோடு, கையில் கத்தியோடு, சுவரில் அவருடைய மனிசி றஞ்சிதம். உண்மையான றஞ்சிதம் அவருக்குப் பின்னால் நின்றார்.

"என்னப்பா பாக்கிறியள்? முகத்தில இருந்து தொடங்குங்கோ."

"ஆர் உன்னை இவ்வளவு குண்டாக் கீறினது?"

"நான்தான். உங்கட வள்ளத்தைவிடப் பெரிசில்லைத்தானே?"

பூசைக்கு வந்த சனமெல்லாம் சிரித்தது. பஸ்ரியனும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். பிறஸை வாளிக்குள் போட்டார்.

"சரி, கிடக்கட்டும்."

செலீனா அக்கா வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்று பின்னேரமே அந்தச் சுண்ணாம்பைத் தொட்டுத் தொட்டு, சுவரில் கீறிக் கிடந்த மீனுக்கெல்லாம் வெள்ளைப் புள்ளியாக உப்புப் போட்டார்.