ஜலீல் பாயின் சின்ன கேசட்

பழவேற்காட்டில் ஜலீல் பாய் என்று கேட்டால் எந்த ஜலீல் என்று முழிப்பார்கள். டெக் பாய் என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த பீட்டா டெக்கை டிவியோடு படகில் ஏற்றிப்போய், ஏரிக்கரை ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் படம் போட்டுக் காட்டுவது அவர் பிழைப்பு. படகில் டெக்குக்கு இடம் அவர் மடிதான். அலை அடித்தால் மனுஷன் நனையலாம், அது நனையக்கூடாது.

எண்பத்தைந்தாம் வருஷம் வந்தது வினை. பக்கத்து ஊர் பசியாவரத்துப் பூபதி அதே தொழிலுக்கு வி.எச்.எஸ். டெக் வாங்கிவிட்டான். அதற்குப் பெரிய கேசட், பாயின் டெக்கில் நுழையாது. மெட்ராஸ் கடைகளில் புதுப்படமெல்லாம் பெரிய கேசட்டிலேயே வர, பாயின் சின்ன கேசட்டை ஒருத்தரும் சீண்டவில்லை.

"நீங்களும் மாத்திடுங்களேன்" என்றாள் அவர் மனைவி ஜொஹரா.

"இன்னாத்துக்கு? பீட்டால படம் கண்ணாடி மாரி கீது. அவன் கேசட்டு செங்கல்லு மாரி கீது. பெருசா இருந்தா ஒசத்தியா?"

"கண்ணாடி மாரி இருந்து இன்னா, அதே பழைய படம்தானே!"

பாய்க்குச் சுருக்கென்றது. பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார்.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஊர் தோணிரேவு. அதுவும் போனால் டெக்கைப் பரணில் ஏற்ற வேண்டியதுதான். அங்கே அம்மன் திருவிழாவுக்குப் பாயும் பூபதியும் வந்து நிற்க, ஊர்ப் பெரியவர் துளசிங்கம் தலையைச் சொறிந்தார். மீனவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான். ஏரியில் நல்ல இடத்தில் ஒருத்தர் வலை போடும் நாளில் மற்றவர் போடக்கூடாது, முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். மனுஷன் அதையே டெக்குக்கும் கொண்டுவந்தார்.

"மொத நாளு பூபதி பாடு. மறுநாளு பாய் பாடு. அவ்ளோதான், பேசக்கூடாது."

முதல் நாள் பாய் அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மறுநாள் பொழுது சாய்ந்ததும் படம் போட்டார். அடேயப்பா, ஊரே வந்திருந்தது! பாய்க்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்ச நேரம்தான். கதாநாயகி வாய் திறக்குமுன் மீன்காரி ஜெயம்மா அவள் வசனத்தைப் பேசி முடித்தாள். வில்லன் சிரிக்குமுன் பிள்ளைகள் சிரித்தார்கள். பாதிப்பேர் டிவிக்கு முதுகைக் காட்டி ஊர்வம்பு பேசினார்கள். ஆனால் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. முன்வரிசையில் பூபதியே சம்மணம் போட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"நீ இன்னாடா பண்றே இங்க?" என்றார் பாய்.

"உங்க பாடு நடக்கசொல்லோ எழுந்து போனா மரியாதையா பாய்?"

பாய்க்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை பேரும் படம் பார்க்க வரவில்லை. பாயின் முறையைக் காப்பாற்றிக் கொடுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் இருக்கிறார்களே என்று சந்தோஷமாகவும் இருந்தது. எழுந்துபோய் டெக்கை நிறுத்தினார்.

"பூபதி, ஒம் பொட்டிய எட்த்தாடா."

துளசிங்கம் குறுக்கே வந்தார். "அது முறையில்ல பாய். இன்னிக்கு உங்க பாடாச்சே."

"எம் பாடுதானே? அப்போ எந்தப் பொட்டி, எந்தப் படம்னு நாந்தானே சொல்லணும்? நேத்து போட்ட புதுப்படத்தையே போடச் சொல்லு. ஊரே பாத்துட்டீங்க. நா ஒருத்தன்தான்யா இன்னும் பாக்கல!"